கனவு கண்டவரின் கணக்கு

1904-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், லாகூர் அரசுக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த 26 வயது இளைஞர் ஒருவர் இந்துஸ்தானத்தின் மலையையும் ஆறுகளையும் போற்றி, சமயம் மக்களிடையே பகையை வளர்ப்பதன்று என உறுதிகூறும் பாடலொன்றை வெளியிட்டார். ஆறாண்டுகள் கழிந்தன. 1910-இல் அதே இளைஞர், அதே யாப்பில், அதே இயைபில் மற்றொரு பாடல் எழுதினார். இம்முறை அவர் பாடிய தாயகத்திற்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. இறைநம்பிக்கையால் இணைந்த ஒரு சமுதாயமே அதன் நிலப்பரப்பு. முதற் பாடலை இந்தியப் படையினர் இன்றும் அணிவகுப்பில் இசைக்கின்றனர். 1984-இல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மா, இந்தியா அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி வினவியபோது அப்பாடலின் முதலடியைத்தான் விடையாகச் சொன்னார். அதை எழுதியவரையோ பாகிஸ்தான் தன் தேசியக் கவிஞராகக் கொண்டாடுகிறது. அவர் பெயர் முகம்மது இக்பால்.

ஒரு மனிதரை இவ்வாறு இரு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும்போது இரண்டு தீங்குகள் நேர்கின்றன. ஒரு சாரார் அவரை வணங்கிவிட்டுப் படிக்காமல் விடுகின்றனர். மறு சாரார் அவரைப் பழித்துவிட்டுப் படிக்காமல் விடுகின்றனர். நாம் இக்கட்டுரையில் எழுப்ப விரும்பும் வினா இவ்விரு சாரார்க்கும் பொதுவானது. கவிஞன் ஒருவன் கனவு காண்கிறான். பிறர் அக்கனவைக் கையிலெடுத்து எல்லைக்கோடு வரைகின்றனர். அக்கோட்டின் இருபுறமும் குருதி சிந்துகிறது. கனவு கண்டவன் எந்த அளவுக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன்?

இக்பால் 1877-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பஞ்சாபின் சியால்கோட் நகரில் பிறந்தார். முன்னோர் காஷ்மீரத்துப் பிராமணர், இஸ்லாத்தைத் தழுவியவர்கள். தந்தை நூர் முகம்மது தையற்காரர். முறையான கல்வி இல்லாதவர், ஆயினும் இறைப்பற்றும் ஞானியர் கூட்டுறவும் மிக்கவர். நாள்தோறும் திருக்குர்ஆன் ஓதிவந்த மகனை நோக்கி, அந்நூல் உனக்கே இறங்குவதாகக் கருதி ஓது என அவர் அறிவுறுத்தியதாக ஒரு செய்தி உண்டு. மகனின் பிற்கால மெய்யியல் முழுவதும் அந்தத் தையற்காரரின் சொல்லுக்கு எழுதிய விரிவுரை போலவே நமக்குத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவ மறைப்பணியாளர் நடத்திய கல்லூரியில் மீர் ஹசன் என்னும் பெரும் புலவரிடம் அரபியும் பாரசீகமும் பயின்றார். பின்னர் லாகூரில் தாமஸ் ஆர்னால்டிடம் மெய்யியல் கற்று, 1905-இல் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜில் மக்டாகர்ட்டிடம் பாடம் கேட்டார். இலண்டனில் பாரிஸ்டர் ஆனார். பாரசீக மெய்யியலின் வளர்ச்சி பற்றிய ஆய்வுக்கு மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவையனைத்தும் மூன்றே ஆண்டுகளில் நடந்தன. 1908-இல் திரும்பிவந்தவர் பட்டங்களைவிடக் கனமான ஒன்றைச் சுமந்து வந்தார் எனலாம். ஐரோப்பிய நாடுகள் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்து நின்றதை அவர் அருகிலிருந்து கண்டிருந்தார். நாட்டுப்பற்று என்னும் தெய்வத்துக்கு எத்தகைய பலி கேட்கப்படும் என்பதை, முதல் உலகப்போருக்கு ஆறாண்டுகள் முன்னரே அவர் உணர்ந்துவிட்டார். 1904-க்கும் 1910-க்கும் இடையே பாடல் மாறியதற்கு இதுவே முதற் காரணம். அம்மாற்றத்தை வெறும் மதவெறி என்று தள்ளிவிடுவோர், 1914-இல் ஐரோப்பாவின் இளைஞர் கூட்டம் கூட்டமாக எதன் பெயரால் மடிந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

தம் மக்களின் தாழ்நிலை கண்டு உள்ளம் கொதித்த அவர், 1911-இல் லாகூரில் நடந்த ஆண்டுவிழா ஒன்றில் 'ஷிக்வா' என்னும் நெடும் பாடலைப் படித்தார். அச்சொல்லுக்கு முறையீடு என்பது பொருள். உன் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவர் நாங்கள். இன்று பிறர் மாளிகைகளில் வாழ, எங்களுக்கு வறுமையைத் தந்தாயே என்று அடியான் இறைவனிடமே வழக்காடும் பாடல் அது. அத்துணிவைக் கண்டு மார்க்க அறிஞர் சிலர் முகம் சுளித்தனர். யோபு ஆகமத்தையும் புலம்பல் திருப்பாடல்களையும் படித்துப் பழகிய நமக்கு அதில் வியப்பில்லை. நம்பாதவனுக்கு முறையிட யாருமில்லை. நம்புகிறவனுக்கே வழக்காடும் உரிமை உண்டு. ஈராண்டுகள் கழித்து இறைவனின் மறுமொழியாக மற்றொரு பாடலை அவரே எழுதினார். அதில் குற்றக்கூண்டில் நிற்பது வழக்குத் தொடுத்த அடியானே! குறை கொடுப்பவனிடத்தில் இல்லை, பெறுவதற்குத் தகுதியை வளர்த்துக்கொள்ளாத கைகளில்தான் இருக்கிறது என்பதே அவ்விடையின் சாரம்.

இவ்விடையிலிருந்தே அவருடைய மெய்யியலின் மையச்சொல் முளைத்தது. 'குதீ' என்பது அச்சொல். பாரசீகத்திலும் உருதுவிலும் நெடுங்காலமாக அதற்கு நற்பெயர் கிடையாது. செருக்கு, தன்னலம், அகந்தை என்றே அது வழங்கிவந்தது. ஞானியர் அதை ஒழிக்க வேண்டியதொன்றாகவே பாடினர். நம் மரபிலும் இதே நிலைதான். நான் என்னும் எண்ணத்தை அறுத்தவனே உயர்வீடு பெறுவான் என்று வள்ளுவர் துறவைப் பேசுமிடத்தில் சொல்கிறார். சித்தரும் பிறரும் சொல்வது அதையே. அப்படிப்பட்ட பழிச்சொல்லை இக்பால் எடுத்து, கழுவித் துடைத்து, அரியணையில் ஏற்றினார். 1915-இல் பாரசீகத்தில் வெளிவந்த 'அஸ்ராரே குதீ' என்னும் நூல் அம்முயற்சியே. தமிழில் அச்சொல்லைப் பெயர்க்க முயல்வோர் படும் பாடு கொஞ்சமன்று. தன்மானம் என்றால் குறைகிறது, தன்முனைப்பு என்றால் கொச்சையாகிறது, ஆன்மா என்றால் வேறெங்கோ போகிறது. 'தானாகி நிற்றல்' என்று சொன்னால் ஓரளவு நெருங்கலாம்.

அவர் கூறுவது இதுதான். படைப்பு முழுவதும் தனித்தன்மையை நோக்கியே நகர்கிறது. கரியும் வைரமும் ஒரே பொருளால் ஆனவை. இறுகித் தன்னைத் தானாக்கிக்கொண்டது ஒளிர்கிறது, தளர்ந்து கிடப்பது எரிகிறது. மனிதனின் 'தான்' அன்பினால் வலுப்பெறுகிறது, இரத்தலால் தளர்கிறது. இரத்தல் என்பது காசுக்குக் கையேந்துவது மட்டுமன்று. பிறர் சிந்தனையைக் கடன் வாங்கி வாழ்வதும் இரத்தலே. கீழ்ப்படிதல், தன்னடக்கம் என்னும் இரு படிகளில் ஏறி, மூன்றாம் படியில் மனிதன் மண்ணுலகில் இறைவனின் பிரதிநிதியாக நிற்கிறான். கடலில் விழுந்து கரையும் துளி அவருக்கு இலட்சியமன்று. சிப்பிக்குள் இறுகி முத்தாகும் துளியே இலட்சியம். இறைவன் திருமுன் நிற்கும்போதும் மனிதன் மனிதனாகவே நிற்க வேண்டும்.

அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாட்டில் இது எத்தகைய சொல் என்பதை எண்ணிப்பார்ப்போம். பட்டினி கிடப்பவனிடம் நோன்பின் மேன்மையைப் பேசுவது எளிது. இருப்பதைத் துறப்பவனே துறவி. இல்லாதவனிடம் துறவைப் போதிப்பது அவன் வறுமைக்கு மாலை சூட்டுவதாகும். தன்னை வெறுமையாக்கிக்கொள்ள ஒருவனுக்கு முதலில் 'தான்' என்று ஒன்று இருக்க வேண்டாமா? பணிவையும் பொறுமையையும் ஏழைக்கு மட்டும் போதித்துவிட்டு, ஆண்டைக்கு அவற்றை நினைவூட்டத் தவறிய பாவம் எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். இவ்விடத்தில் இக்பாலின் சொல் மருந்து.

ஆனால் மருந்துக்கும் அளவு உண்டு. அதே நூலில் ஒரு கதை வருகிறது. புலிகளின் கொடுமை தாங்காத ஆட்டுமந்தையில் சூழ்ச்சி மிக்க கிழட்டு ஆடு ஒன்று தன்னை இறைத்தூதர் என அறிவித்துக்கொண்டு, தன்னை மறுப்பதே மேன்மை, புல்லுண்பதே புண்ணியம் என்று புலிகளுக்குப் போதிக்கிறது. வேட்டையில் களைத்திருந்த புலிகளும் அதை நம்பிப் புல் தின்று, பல்லும் வீரமும் இழந்து ஆடுகளாகின்றன. இதைப் படித்த ஐரோப்பியர் உடனே நீட்சேயின் பெயரைச் சொன்னார்கள். தாம் நீட்சேயிடம் கடன்படவில்லை என இக்பால் விரிவாக மறுத்தார். இறைவனே இல்லை என்றவனும், இறைவனின் பிரதிநிதியாக மனிதனைக் கண்டவரும் ஒன்றாக மாட்டார்கள் என்பது உண்மையே. எனினும் ஆட்டுக்குட்டியைத் தன் வழிபாட்டின் நடுவில் வைத்திருக்கும் நம்மால் இக்கதையை எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஆடு போதித்தது சூழ்ச்சியால் என்று கதை சொல்கிறது. அன்பினால் தன்னைக் கையளித்த ஆடும் உண்டே! வலிமையற்றோர் பேசும் நன்னெறி யாவும் வலிமையற்றோரின் தந்திரம் என்று ஒருமுறை சந்தேகிக்கத் தொடங்கினால், அச்சந்தேகம் எங்குப் போய் நிற்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டிவிட்டது. 1931-இல் உரோமையில் முசோலினியைச் சந்தித்த இக்பால், அவருடைய ஆற்றலில் மயங்கிப் புகழ்ந்து ஒரு பாடல் எழுதினார். 1935-இல் அதே முசோலினி அபிசீனியாவை விழுங்கப் புறப்பட்டபோது மனம் நொந்து கண்டித்துப் பாடினார். ஆற்றலை வணங்குவோர்க்கு இவ்வேமாற்றம் எப்போதும் காத்திருக்கிறது.

குறையை அவரே உணர்ந்திருந்தார் போலும். 1918-இல் வெளிவந்த 'ருமூஸே பேகுதீ', தனிமனிதன் தன்னைச் சமுதாயத்திற்குள் கரைத்துக்கொள்வதைப் பேசுகிறது. தானாகி நிற்பவன் தனித்து நின்றால் வீணாவான். சமுதாயத்திற்குள்தான் அவன் நிறைவடைகிறான். அழகிய எண்ணம்தான். ஆனால் எந்தச் சமுதாயம்? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

முதல் நூலை 1920-இல் நிக்கல்சன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்கு மதிப்புரை எழுதியவர்களுள் கேம்பிரிட்ஜ் அறிஞர் லோவஸ் டிக்கின்சன் ஒருவர். கோட்பாடு உலக மாந்தர் அனைவருக்கும் பொதுவாயிருக்கிறது, ஆனால் அதைச் செயற்படுத்தும் களமாக ஒரு சமயத்தாரை மட்டுமே இவர் காட்டுகிறாரே என்பது அவர் எழுப்பிய தடை. இக்பால் மறுமொழி எழுதினார். மானிட இலட்சியம் கவிதையிலும் மெய்யியலிலும் என்றும் பொதுவானதே. ஆனால் அதை வாழ்வில் நடத்திக்காட்ட வேண்டுமாயின், உறுதியான கொள்கையும் தெளிவான வரம்பும் உடைய ஒரு சமுதாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சமுதாயம் தன் முன்மாதிரியாலும் அறிவுறுத்தலாலும் வரம்பை விரித்துக்கொண்டே செல்ல வேண்டும் என்றார்.

இவ்விடையை நாம் ஏளனம் செய்ய இயலாது. எல்லாரையும் நேசிக்கிறேன் என்பவன் அடுத்த வீட்டானை நேசிக்காதிருக்கக் கூடும். அன்பு எங்கேனும் ஓரிடத்தில் வேரூன்ற வேண்டும். ஒரு குடும்பம், ஒரு பங்கு, ஓர் ஊர், ஒரு மறை என்னும் சிறு வட்டத்தில்தான் மனிதன் பெரிய உலகை நேசிக்கக் கற்கிறான். ஆனால் நாற்றுக்குக் கட்டிய வேலி மரம் வளர்ந்த பின்னும் அங்கேயே நின்றால் என்ன செய்வது? வேலியை விரிப்போம் என்று கவிஞர் சொல்லிவிடலாம். வேலிக்குக் காவல் நிற்பவர்கள் அதை விரும்புவதில்லை.

1929 சனவரியில் இக்பால் சென்னைக்கு வந்தார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பை ஏற்று, இஸ்லாமியச் சமயச் சிந்தனையைப் புதுக்கிக் கட்டுவது பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். திரும்பும் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தைக் கண்டார். ஐதராபாத்திலும் அலிகாரிலும் சொற்பொழிவுகள் தொடர்ந்து, 1930-இல் நூலாயின. இருபதாம் நூற்றாண்டு இஸ்லாமியச் சிந்தனையில் மிகுந்த துணிவுடைய நூல்களுள் ஒன்று நம் சென்னையில் முதலில் ஒலித்தது என்பது தமிழர் பலர் அறியாத செய்தி. மார்க்கச் சட்டத்தைக் காலத்திற்கேற்பச் சிந்தித்து விளக்கும் உரிமை மூடப்பட்டுவிடவில்லை, அவ்வுரிமை இன்று மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் கையில் இருக்கலாம் என்று அதில் அவர் வாதிடுகிறார்.

அந்நூலில் ஓரிடம் நம்மை நெடுநேரம் நிறுத்திவிடுகிறது. கங்கோ நகரத்து ஞானி அப்துல் குத்தூஸ் ஒருமுறை, நபிகள் நாயகம் விண்ணேற்றத்தில் இறைவன் அண்மையை அடைந்து திரும்பி வந்தார், நானாயிருந்தால் திரும்பியே இருக்க மாட்டேன் என்று சொன்னாராம். இதை எடுத்துக்காட்டி, ஞானிக்கும் இறைவாக்கினருக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்கிறார் இக்பால். ஞானிக்கு அந்த அமைதியே முடிவு. இறைவாக்கினரோ அமைதியிலிருந்து சந்தைக்கும் தெருவுக்கும் திரும்பி, வரலாற்றை மாற்ற முனைகிறார். தாபோர் மலைமேல் கூடாரமடித்துத் தங்கிவிட விரும்பிய பேதுருவும், அவரைக் கீழே அழைத்துச் சென்ற ஆண்டவரும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

இக்பால் திரும்பி வந்தார். 1926-இல் பஞ்சாப் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்னரே, 1923-இல், ஆங்கில அரசின் 'சர்' பட்டத்தையும் ஏற்றிருந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக 1919-இல் தாகூர் துறந்த அதே பட்டத்தைப் பஞ்சாபியராகிய இவர் ஏற்றது அன்பர்களுக்கே கசந்தது. தம் ஆசிரியர் மீர் ஹசனுக்கும் பட்டம் வழங்க வேண்டும் என்றார் இவர்; அவர் எழுதிய நூல் என்ன என்று கேட்டதற்குத் தம்மையே சுட்டிக்காட்டியதாகச் சொல்லப்படுகிறது. அழகான செய்திதான்; ஆயினும் கசப்பு போகவில்லை.

1930 டிசம்பர் 29-ஆம் நாள் அலகாபாத்தில் முஸ்லிம் லீக் மாநாட்டுத் தலைமையுரையில்தான் பிற்காலம் பற்றிக்கொண்ட அந்த வாக்கியம் இடம்பெற்றது. பஞ்சாப், வடமேற்கு எல்லை மாகாணம், சிந்து, பலுசிஸ்தானம் ஆகியவை இணைந்து ஒரே அரசாக வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வுரையை மேற்கோளாகக் காட்டுவோர் பலர் அதன் தொடக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. தொடக்கத்தில் அவர் பேசுவது மார்ட்டின் லூத்தரைப் பற்றி! திருச்சபை அமைப்பை எதிர்த்து லூத்தர் எழுந்ததில் நியாயமிருந்தது; ஆனால் அதன் விளைவாக இயேசுவின் உலகளாவிய அறநெறி பின்தள்ளப்பட்டு, நாட்டுக்கொரு குறுகிய அறநெறி முளைத்துவிட்டது; இதை லூத்தர் முன்னறியவில்லை என்கிறார் இக்பால். ஈராண்டுகள் கழித்து வெளிவந்த 'ஜாவீத் நாமா' காவியத்தில் இதே குற்றச்சாட்டைக் காட்சியாகத் தீட்டினார். டால்ஸ்டாய் காணும் கனவில், பாதரச ஆற்றுக்குள் அகப்பட்டு யூதாசு வருந்துகிறான். ஐரோப்பாவின் உருவாகிய பெண்ணொருத்தி அவனைப் பழிக்கிறாள். அவனோ, நான் அவர் உடலுக்குச் செய்ததை நீ அவர் ஆவிக்குச் செய்தாயே என்று திருப்பிக் கேட்கிறான். கிறிஸ்தவர் யாரும் தலைகுனியாமல் படிக்க முடியாத காட்சி.

ஆக, ஒரு சமயத்தின் பொது அறத்தை நாட்டு அரசுகள் கூறுபோட்டுவிடும் என்று எச்சரித்த அதே உரை, ஒரு நாட்டு அரசின் பிறப்புச் சான்றிதழாகப் பின்னர்ச் சட்டமிடப்பட்டது. லூத்தரைப் பற்றி அவர் சொன்னதை அவரைப் பற்றியே சொல்லலாம் போலிருக்கிறது: நியாயமான குறையிலிருந்து தொடங்கினார், விளைவை முன்னறியவில்லை.

நீதி தவறாமல் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலகாபாத்தில் அவர் கேட்டதில் வங்காளம் இல்லை. பஞ்சாபிலிருந்து அம்பாலாக் கோட்டத்தையும், முஸ்லிம் அல்லாதார் மிகுந்த வேறு சில மாவட்டங்களையும் விலக்கிவிடலாம் என்றும் அவரே கூறினார். 1934-இல் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில், பாகிஸ்தான் என்பது தம் திட்டமன்று, இந்தியக் கூட்டாட்சிக்குள் ஒரு மாகாணத்தையே தாம் நாடியதாக வெளிப்படையாகவே மறுத்தார். ஆனால் 1937-இல் ஜின்னாவுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வேறு குரலில் பேசுகிறார். வகுப்புக் கலவரங்களும் முஸ்லிம் ஏழைகளின் பசியும் அவரை அச்சுறுத்தின. முஸ்லிம் மாகாணங்களுக்குத் தனிக் கூட்டாட்சியே வழி என்கிறார். அதே கடிதங்களில், லீக் மேட்டுக்குடியினரின் கட்சியாகவே இருக்கப்போகிறதா என்று ஜின்னாவைக் கேட்கவும் செய்கிறார். 1934-ஐப் பிடித்துக்கொண்டு வாதிடுவோரும், 1937-ஐப் பிடித்துக்கொண்டு வாதிடுவோரும் பாதி மனிதரையே காண்கின்றனர்.

1938 ஏப்ரல் 21-ஆம் நாள் அவர் லாகூரில் மறைந்தார். 1947 ஆகஸ்டில் பஞ்சாபின் நடுவே கோடு விழுந்தபோது அவர் பாத்ஷாகி மசூதியின் நிழலில் ஒன்பது ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். மாண்டோர் தொகையை 2 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடுகின்றனர். அவர் பிறந்த சியால்கோட்டிலிருந்தும், அவர் பாடிய லாகூரிலிருந்தும் இந்துக்களும் சீக்கியரும் ஓடினர். அம்பாலாவிலிருந்து முஸ்லிம்கள் ஓடினர். 1971-இல் வங்காள முஸ்லிம்கள் மொழியின் பெயராலும் மண்ணின் பெயராலும் பிரிந்து தனிநாடு கண்டனர். சமயம் ஒன்றே மக்களைப் பிணைக்கப் போதும் என்ற கருத்துக்கு வரலாறு எழுதிய மறுப்புரை அது.

இக்கொலைகளுக்காக இக்பாலைக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது என்பதே நம் கருத்து. கத்தி எடுத்தவன், கத்தி கொடுத்தவன், தடுக்கும் அதிகாரமிருந்தும் வாளாவிருந்தவன் ஆகியோரின் குற்றத்தைக் கல்லறைக்குள் இருக்கும் கவிஞனின் மேல் ஏற்றுவது அவர்களை விடுவிப்பதாகவே முடியும். ஆனால் அவர் வாழ்ந்தபோது தாமே செய்த செயல்களுக்கு அவரே பொறுப்பு. 1935-இல் அவர் அஹ்மதியரைத் தனிச் சமுதாயமாக அரசு அறிவிக்க வேண்டும் என எழுதினார். நபித்துவம் நிறைவுற்றது என்னும் நம்பிக்கை அவருக்கு உயிரானது. அந்நம்பிக்கையைக் காக்க வாதிட்டதில் பிழையில்லை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்ப்பிடுமாறு அரசை அழைத்தது வேறு. அன்று கேட்கப்பட்டது அந்நிய அரசிடம். 1974-இல் பாகிஸ்தான் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அஹ்மதியரை முஸ்லிம் அல்லாதார் என அறிவித்தது. அச்சமூகம் இன்றுவரை படும் துன்பம் உலகறிந்தது. வரம்பு விரிந்துகொண்டே செல்லும் என டிக்கின்சனுக்கு மறுமொழி தந்தவர், பதினான்கு ஆண்டுகளில் வரம்பைச் சுருக்க அரசை வேண்டிநின்றார். அவரிடம் நாம் காணும் மிகப்பெரிய குறை இதுவே.

சொல்லைத் திரும்பப் பெறுவது பற்றியும் அவர் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. 'அஸ்ராரே குதீ'யின் முதற் பதிப்பில் பாரசீகப் பெருங்கவி ஹாபிஸைக் கடுமையாகச் சாடியிருந்தார். எதிர்ப்பு எழவே, இரண்டாம் பதிப்பில் அவ்வடிகளை நீக்கினார். மற்றொன்று அவர் இறக்கும் ஆண்டில் நடந்தது. தேவபந்து மார்க்கக் கல்விக்கூடத்தின் தலைவர் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ, இக்காலத்தில் நாட்டினம் நிலத்தால் அமைகிறது என்று தில்லியில் பேசினார். நோய்ப்படுக்கையிலிருந்த இக்பால் சினந்து, அவர் பெயரைச் சொல்லியே மூன்றடிச் சாட்டையாக ஒரு சிறுபாடல் எழுதினார். மதனீ விளக்கம் தந்தார்: நடப்பைச் சொன்னேன், அவ்வாறு இருக்க வேண்டும் என அறிவுரை சொல்லவில்லை. மார்ச்சு இறுதியில் இக்பால் அவ்விளக்கத்தை ஏற்று, இனித் தமக்கு மறுப்புக் கூற உரிமையில்லை என நாளிதழில் வெளியிட்டார். மூன்றே வாரங்களில் இறந்தார். அவ்வாண்டே வெளிவந்த இறுதித் தொகுதியில் அந்தப் பாடல் இடம்பெற்றது. நாளிதழ்க் குறிப்பைப் படித்தவர் சிலர். பாடலை மனப்பாடம் செய்தவர் பல்லாயிரவர். பிரிவினையை எதிர்த்து நின்ற மதனீயை இழிவுபடுத்த அப்பாடல் மேடைதோறும் பயன்பட்டது.

கவிதையின் ஆற்றலும் ஆபத்தும் இதுதான். மெய்யியலாளர் தம் கூற்றுக்கு அடிக்குறிப்பு எழுதலாம்; அரசியலாளர் மறுநாள் மறுப்பறிக்கை விடலாம். நாவில் ஏறிய பாட்டை யாரால் இறக்க முடியும்? முன்னர்க் கேட்ட வினாவுக்கு இங்கே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. எளிதில் திரும்பப் பெற முடியாத சொல்லைக் கையாள்பவனுக்கு, மற்றவரைவிடக் கூடுதலான தயக்கம் கடமையாகிறது. இக்பாலுக்கு அருள் நிரம்ப இருந்தது. தயக்கம் குறைவாக இருந்தது.

அதே 1938 சனவரியில் நேரு லாகூரில் அவர் படுக்கையருகே அமர்ந்து உரையாடினார். வேறுபாடுகளுக்கிடையே தங்கள் இருவருக்கும் பொதுவானவை எவ்வளவு என்று அன்று உணர்ந்ததாகச் சிறையிலிருந்து எழுதிய நூலில் நேரு குறிப்பிடுகிறார். இராமபிரானையும் குருநானக்கையும் போற்றிப் பாடியவர், தம் நூலொன்றின் முகப்பில் பர்த்ருஹரியின் கருத்தைப் பொறித்தவர், காவியத்தில் விசுவாமித்திரரைச் சந்திரமண்டலத்து ஞானியாக அமர்த்தியவர் இக்பால். அரசியலில் அவர் எழுப்பிய வேலிகளைக் கவிதையில் அவரே பலமுறை தாண்டியிருக்கிறார். அவரைத் தள்ளிவிடுவோர் தாண்டிய இடங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுகின்றனர். 2023 மே மாதத்தில் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விக்குழு, அரசியல் பாடத்திட்டத்திலிருந்து அவரைப் பற்றிய பகுதியை நீக்கத் தீர்மானித்தது. ஒருவருடைய கருத்து தவறென்று மாணவர்க்குக் காட்ட வேண்டுமானாலும் முதலில் அவரைப் படிக்க வைக்க வேண்டும் அல்லவா?

குழந்தைகளுக்கென 1902-இல் அவர் எழுதிய இறைவேண்டல் ஒன்று உண்டு. மாட்டில்டா பீதம் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய கிறிஸ்தவச் சிறார் பாடலைத் தழுவியது அது. தன் வாழ்வு ஒரு சிறு விளக்காக ஒளிர வேண்டும், ஏழைக்கும் முதியோர்க்கும் துணையாக வேண்டும் என்று குழந்தை கேட்கிறது. பாகிஸ்தான் பள்ளிகளில் காலை வழிபாட்டில் அதைப் பாடுகின்றனர். இந்தியாவிலும் உருது கற்ற குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்திருக்கின்றனர். 2022 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், அரசுப் பள்ளி ஒன்றின் காலை வழிபாட்டில் பிள்ளைகள் அதைப் பாடியதற்காகத் தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காவல்துறை வழக்கும் பதிவு செய்தது.